ஃப்ரீஸ்டைல் பாட்டு உங்களுக்கு எப்படி அறிமுகமாச்சு? வாங்க, சொல்லுங்க

ப்ராங்க்ஸ்ல இருந்து:
நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். ஃப்ரீஸ்டைல்னா எண்பதுகள்ல எங்க நியூயார்க்லயும் மயாமிலயும் பெரும்பாலும் லத்தீன் வம்சாவளிப் பசங்க பண்ண எலெக்ட்ரானிக் ஆட்டப்பாட்டு. என்கூட வேலை பாக்குறவங்கள்ல முக்காவாசி போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துக்காரங்க, ஒரு ஞாயித்துக்கிழமை ஆர்ச்சர்ட் பீச்சுக்கு வந்தே ஆகணும்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. பெரிய ஸ்பீக்கர்ல சல்சாங்கிற லத்தீன் ஆட்டப்பாட்டு ஓடுது, நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்து தொவரை போட்ட சோறு சாப்பிட்டுட்டு இருக்கேன், அப்பதான் யாரோ நோயல்ங்கிற பாடகரோட 'சைலன்ட் மார்னிங்' போட்டாங்க. 1987ல வந்த பாட்டு. எங்க சூப்பர்வைசரம்மா, 55 வயசு இருக்கும், கையில இருந்த தட்டை எங்கிட்ட திணிச்சுட்டு எந்திரிச்சுப் போயி கண்ணை மூடிட்டு ஒரு வார்த்தை விடாம பாடுறாங்க. பாட்டுல என்ன விஷயம்னா காலைல முழிச்சா பக்கத்துல ஆள் இல்ல, அவ்ளோதான், அழ வேண்டிய பாட்டு. ஆனா கால் மட்டும் நிக்கல. சல்சா எங்க அப்பா அம்மா பாட்டு, இதுதான் எங்க பாட்டுன்னு அப்புறம் மூச்சு வாங்கிட்டே சொன்னாங்க.

நியூ ஜெர்சில இருந்து:
கீபோர்டு வாசிக்கிறவன்ங்கிறதால நான் பின்பக்கமா உள்ள வந்தேன். 1982ல ஹிப் ஹாப் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டாவோட 'பிளானெட் ராக்', அதுல க்ராஃப்ட்வெர்க்னு ஜெர்மனிக்காரங்களோட டியூனை எடுத்து ரோலண்டு 808 டிரம் மெஷின் மேல வச்சாங்க. அடுத்த வருஷமே ஷானன் பாடுன 'லெட் தி மியூசிக் ப்ளே', க்ரிஸ் பார்போசாவும் மார்க் லிகட்டும் தயாரிச்சது, அமெரிக்காவோட பில்போர்டு பாட்டுப் பட்டியல்ல 8வது இடம் வரைக்கும் போச்சு. நிறைய பேர் ஃப்ரீஸ்டைல் இந்த நியூயார்க் பாட்டுலதான் பொறந்துச்சும்பாங்க, நானும் அந்தக் கட்சிதான். டிஸ்கோன்னா தும் தும் தும் தும்னு நாலு தட்டும் ஒரே மாதிரி விழும், இதுல கிக்குங்கிற பெரிய டிரம் அடி நீங்க எதிர்பாக்குற எடத்துல வராம கொஞ்சம் தள்ளி விழும், அந்த சந்துல கவ்பெல்ங்கிற மணிச் சத்தமும் சிந்தசைசர் கீபோர்டும் பூந்து வெளையாடும். சல்சால பியானோ ஒரே துண்டை சுத்திச் சுத்தி வாசிக்கும்ல, மொண்டூனோம்பாங்க, அதை சிந்தசைசர்ல கேட்ட மாதிரியே இருக்கு எனக்கு. பாடுறது இங்கிலீஷ்தான், ஆனா போர்ட்டோ ரிக்கோ தாளத்துல உக்காந்திருக்கு.
இன்னொண்ணு, குரல் டடடடன்னு திக்குற மாதிரி வருமே, அதெல்லாம் அப்போ கம்ப்யூட்டர் இல்ல சாமி, லாட்டின் ராஸ்கல்ஸ்னு ரெண்டு பேர் டேப்பை ப்ளேடால துண்டு துண்டா வெட்டி ஒட்டுனது! நான் லேப்டாப்ல அதையே பண்ணிப் பாத்தேன், மவுஸ் புடிச்சே கை வலிச்சிருச்சு.

மயாமில இருந்து:
நியூயார்க்காரங்களுக்கு எல்லாமே அவங்க ஊர்லதான் பொறக்கணும். டெபி டெப்ங்கிற பாடகி 1983லயே எங்க ஊர்ல பாடிட்டாங்க, எக்ஸ்போஸேங்கிற பொண்ணுங்க குழு எங்க ஊரு, அவங்க பாட்டைத் தயாரிச்ச லூயிஸ் மார்ட்டினே எங்க ஊரு. ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா, எக்ஸ்போஸேக்கு 1988ல நம்பர் 1 வாங்கிக் குடுத்தது 'சீசன்ஸ் சேஞ்ச்', ஸ்வீட் சென்சேஷன்ங்கிற பொண்ணுங்க குழுவுக்கு 1990ல 'இஃப் விஷஸ் கேம் ட்ரூ', அதே வருஷம் ஸ்டீவி பிங்கிற பாடகருக்கு 'பிகாஸ் ஐ லவ் யூ'. மூணுமே ஸ்லோ பாட்டு! ஆட்டம் போட வச்சு பேர் வாங்குனவங்களுக்கு கிரீடம் வச்சது அழுகாச்சிப் பாட்டு.

டொரான்டோல இருந்து:
கோச்சுக்காதீங்க, எனக்கு ஒட்டவே இல்ல. எல்லாத்துலயும் அதே கீபோர்டு, அதே காதல் தோல்வி, பாதி பேருக்கு சுருதி வேற நிக்கல. என் ரூம்மேட் வாரம் பூரா போட்டுக் கொன்னான்.

ப்ராங்க்ஸ்ல இருந்து:
சுருதி விஷயத்துல சண்டைக்கு வரமாட்டேன் :) பயிற்சி எடுத்த பாடகருங்க இல்ல நிறைய பேர், பக்கத்துத் தெரு பொண்ணும் பையனும்தான், அங்க இருக்கிறவங்களுக்கு அதுதான் புடிச்சதே. டிவில தங்கள மாதிரி மூஞ்சியே வராத காலத்துல நம்ம பேட்டைக்காரி ரேடியோல வர்றான்னா விடுவாங்களா. அதோட சுருதி நிக்கிறவங்களும் உண்டு, சல்சால கொடிகட்டிப் பறக்குற மார்க் அந்தோணியும் லா இந்தியாவும் ஃப்ரீஸ்டைல்ல இருந்துதான் கெளம்புனாங்க. இதை ஓயாம போட்டுட்டு இருந்த நியூயார்க் ஹாட் 97 ரேடியோ ஸ்டேஷனே தொண்ணூறுகள்ல ஹிப் ஹாப் பக்கம் சாஞ்சிருச்சு, அதுக்கப்புறம் பழைய ஆளுங்கள மேடை ஏத்துற கச்சேரிதான்.

மயாமில இருந்து:
அமெரிக்கால அடங்குனாலும் ப்ரேசில்ல அடங்கல. ஸ்டீவி பிக்கு அங்க இருக்கிற மவுசே தனி, ரியோ ஊர்ல போடுற ஃபங்க்ங்கிற ஆட்டப்பாட்டுல மெலடின்னு ஒரு வகை இருக்கே, அதைக் கேட்டாலே ஃப்ரீஸ்டைலோட சொந்தக்காரன்னு தெரிஞ்சிரும். ரியோ பக்கம் யாராவது இருந்தீங்கன்னா அந்த ஆட்டத்துக்கு நேர்ல போன கதையை எழுதுங்கப்பா.