தூண்டில் வளைவு கேட்டு மனு: எந்தத் துறை, எந்த நிதி?

கேள்வி (தாழங்குடா, கடலூர்):
ஐப்பசி, கார்த்திகை வந்தாலே கடல் ஊருக்குள் ஏறுகிறது. தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்) கேட்டு ஊர்ப் பஞ்சாயத்தில் மனு தயாராகிறது. மீன்வளத்துறைக்குக் கொடுப்பதா, நீர்வளத்துறைக்கா? பணம் எந்தக் கணக்கில் வரும்? கல் கொட்டினாலே போதும் என்கிறார்களே, சரியா?

பதில் 1:
மனு ஆட்சியருக்கு, நகல் இரண்டு துறைக்கும். வெறும் அரிப்புத் தடுப்பு என்றால் நீர்வளத்துறை. மீன் இறங்குதளமும் சேர்த்துக் கேட்டால் மீன்வளத்துறை. பணம் மாநில நிதியிலிருந்தோ நபார்டு (ஊரக வளர்ச்சி வங்கி) கடனிலிருந்தோ வரலாம். 15ஆவது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்கு அரிப்புத் தடுப்புக்கென்று 1,500 கோடியும், அரிப்பால் இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்த 1,000 கோடியும் பரிந்துரைத்தது. ஆனால் அது ஆற்றங்கரை அரிப்புக்கும் சேர்த்து, நாடு முழுமைக்கும்.

தாமதம் பெரும்பாலும் பணத்தால் வருவதில்லை, கடலோர ஒழுங்குமுறை (CRZ) அனுமதியால்தான். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் 1:4000 அளவில் உயர் ஓத, தாழ் ஓதக் கோடுகளைக் (கடல் ஏறும், இறங்கும் எல்லைகளை) குறித்த வரைபடம் வேண்டும். அதை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் நிர்வாக ஒப்புதல் கிடைத்த பிறகும் கோப்பு நகராது.

பதில் 2:
கல் மட்டும் கொட்டினால் நிற்காது. அடியில் வடிகட்டித் துணி, அதன்மேல் சிறுகல், கடைசியில்தான் பெருங்கல். துணி இல்லாவிட்டால் ஒவ்வொரு அலையும் இடுக்கு வழியே மணலை உறிஞ்சும், சுவர் தானாகவே உட்காரும். கால்பகுதியை மணல் அரிக்கும் ஆழத்துக்குக் கீழே பதிக்காவிட்டாலும் அதே கதிதான். கல்லின் எடையில் மிச்சம் பிடிக்க விடாதீர்கள்: அலை உயரம் இரண்டு மடங்கானால் அதே வகைக் கல்லுக்கு எடை எட்டு மடங்கு வேண்டும். பராமரிப்புக்குத் தனித் தொகையும் கேளுங்கள். முதல் இரண்டு மழைக்காலத்தில் கல் சரிவது சகஜம், அப்போது நிரப்பாவிட்டால் போட்டது முழுக்க வீண்.

பதில் 3 (புதுச்சேரி):
நம் கரையில் ஆண்டு மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவத்தில் மட்டும் திரும்பும். எனவே வளைவின் தென்புறம் மணல் சேரும், வடபுறம் அரிக்கும். இங்கே 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுக அலைதடுப்புகள் வந்தன. வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, நகரக் கடற்கரை போயிற்று. நகருக்குக் கற்சுவர் கட்டியதும் அரிப்பு தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்துக்குள் நகர்ந்தது. மணலுக்கு மாநில எல்லை கிடையாது, நிதிக்கு உண்டு. இதில்தான் எல்லாம் கெடுகிறது.

கேட்டவர்:
அப்படியானால் மனுவில் என்ன எழுதுவது?

பதில் 3:
ஒற்றை வளைவு கேட்காதீர்கள், தொடராகக் கேளுங்கள். வடகோடிக்குப் போகப் போக நீளம் குறையட்டும், அப்போதுதான் அடுத்த ஊருக்கும் மணல் கிடைக்கும். வளைவுகளுக்கு இடையே முதலிலேயே மணல் நிரப்புவதும் மதிப்பீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் அவை நிரம்பும்வரை வடக்கே மணல் பட்டினிதான். முகத்துவாரம் தூர்வாரும் மணலை வெளியே ஏற்றிச் செல்லாமல் வடகரையில் கொட்ட வேண்டும் என்பதைத் தனி நிபந்தனையாகவே எழுதுங்கள். வடக்கே உள்ள குப்பத்துப் பஞ்சாயத்தின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள், பின்னால் வழக்கு வராது. கூடவே, நிலையான ஒரு கல்லிலிருந்து அலைக்கோடு வரையிலான தூரத்தைப் புரட்டாசியிலும் மாசியிலும் அளந்து, தேதியிட்ட படத்தோடு இணையுங்கள்.