ஊசி குத்தும் இடத்தில் தண்டுவடமே இல்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு (வயது 63) அடுத்த வாரம் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்களாம். ஊசி தண்டுவடத்தில் பட்டால் கால் விளங்காமல் போய்விடுமே என்று அம்மா அஞ்சுகிறார். மயக்க மருத்துவரோ, "நாங்கள் குத்தும் இடத்தில் தண்டுவடமே கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். முதுகெலும்பு அடிவரை இருக்கும்போது, அதற்குள் ஓடும் தண்டுவடம் எப்படி இல்லாமல் போகும்?

உடற்கூறு ஆசிரியர்: அவர் சொன்னது சரியே. மண்டையோட்டின் அடித்துளையில் தொடங்கும் தண்டுவடம், பெரியவர்களுக்கு ஏறத்தாழ 45 செ.மீ. நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்டது. பெரும்பாலோருக்கு அது முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே கூம்பாகக் குறுகி முடிந்துவிடுகிறது. கருவின் தொடக்க மாதங்களில் வடமும் எலும்புக் குழாயும் ஒரே நீளம்தான். பிறகு எலும்பு விரைந்து வளர, வடம் பின்தங்கிவிடுகிறது. ஆயினும் ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய பழைய துளை வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், கீழ்ப்பகுதி நரம்பு வேர்கள் நீண்டு கொத்தாகத் தொங்குகின்றன. இதற்குக் குதிரைவால் என்றே பெயர். வடத்திலிருந்து பிரியும் நரம்புகள் மொத்தம் 31 இணை. (கழுத்தில் எலும்பு 7, நரம்பு மட்டும் 8 இணை, தேர்வில் மாணவர்கள் ஆண்டுதோறும் சறுக்கும் இடம் இது.)

அறுவை அரங்கச் செவிலியர்: இடுப்பெலும்பின் இருபக்க மேல் விளிம்புகளையும் மருத்துவர் விரலால் தொட்டுப் பார்ப்பார். அவற்றை இணைக்கும் கோடு நான்காவது இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிச் செல்லும். அதன் மேலோ கீழோ உள்ள இடைவெளியில்தான் ஊசி நுழையும். நரம்பு வேர்களைச் சூழ்ந்துள்ள உறையைத் துளைத்ததும் தெளிந்த நீர் சொட்டும். வேர்கள் அந்த நீரில் மிதப்பதால், ஊசி நுனி நெருங்கினாலும் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். காலில் மின்சாரம் பாய்ந்தது போல் 'சுரீர்' என்றால், அம்மா அசையாமல் வாயால் உடனே சொல்ல வேண்டும்.

கேட்டவர்: இருவருக்கும் நன்றி. தண்டுவடத்தைத் தொடாமலே கால் எப்படி மரத்துப்போகிறது? என் அக்காவுக்குச் சிசேரியன் செய்தபோது, தொடுவது தெரிந்தது, வலி மட்டும் தெரியவில்லை என்றாரே?

உடற்கூறு ஆசிரியர்: மருந்து வேலை செய்வது முக்கியமாக அந்த வேர்களில்தான். ஒவ்வொரு நரம்புக்கும் இரண்டு வேர்கள் உண்டு. முன்வேர் தசைக்குக் கட்டளையைக் கொண்டுசெல்கிறது, பின்வேர் உணர்வை வடத்துக்குக் கொண்டுவருகிறது. இந்தப் பிரிவினையை 1822இல் பிரான்சின் உடலியல் அறிஞர் மஜெந்தி விலங்குச் சோதனையில் நிறுவினார். வலியையும் குளிர்ச்சியையும் கடத்தும் இழைகள் மெல்லியவை, மருந்துக்கு எளிதில் அடங்குபவை. தொடுகையைக் கடத்தும் தடித்த இழைகள் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. எனவே அக்கா சொன்னது முற்றிலும் பொருந்துகிறது.

அறுவை அரங்கச் செவிலியர்: அதனால்தான் கத்தி வைக்குமுன் ஸ்பிரிட் பஞ்சால் தொடையைத் தடவி, "சில்லென்று இருக்கிறதா?" என்று கேட்போம். ஈரம் மட்டும் தெரிகிறது என்றால் மருந்து பிடித்துவிட்டது என்று பொருள். ஒன்றை மறக்காதீர்கள்: அம்மா இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதேனும் எடுத்துக்கொண்டால், அதை இப்போதே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கசிந்து உறைந்தால், அது நரம்புகளை அழுத்தக்கூடும்.