எட்டு வழிச் சாலை எதிர்ப்புக்குப் பிறகும் உழவரும் சூழலியலாளரும் ஓரணியில் நிற்க முடியுமா?

சேலம் பகுதியைச் சேர்ந்த மூவர் புனைபெயரில் நடத்தும் உரையாடல்: மலையடிவாரத்து உழவர் ஒருவர், சேர்வராயன் மலைக்காட்டுக்காகப் பேசும் சூழலியலாளர் ஒருவர், மரவள்ளி பயிரிடும் உழவர் ஒருவர்.

குப்பனூர் உழவன்:

2018-ஆம் ஆண்டில் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காக எங்கள் வயல்களில் அளவைக் கற்கள் நடப்பட்டபோது, நகரத்திலிருந்து வந்த சூழலியலாளர்கள் எங்களோடு வெயிலில் நின்றார்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் அந்த நட்பை அரசியல் கூட்டணி என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை. ஐந்து மாவட்டங்களின் வழியே 277 கிலோமீட்டருக்கு இழுக்கப்பட்ட அந்தக் கோடு எங்கள் நிலத்தையும் அவர்கள் நேசிக்கும் மலையையும் ஒருசேர வெட்டியதால் மட்டுமே நாங்கள் ஒன்றுகூடினோம். இப்போது மலையடிவாரத்தில் பத்து மாதம் வளர்த்த குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிட்டுப் போகின்றன. அதைப் பார்க்க அவர்களில் ஒருவரும் வருவதில்லை.

சேர்வராயன் சோலை:

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது, முடிவு தவறானது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தபோது அதற்கு அடிப்படையாக இருந்த வாதங்களில் முக்கியமானது, சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் நிலம் எடுக்கத் தொடங்கியது சரியல்ல என்பதுதான். நிலத்தின் மதிப்பை மட்டும் பேசியிருந்தால், பேச்சு இழப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பதோடு முடிந்திருக்கும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிக்கைகள் செல்லும் என்று கூறியது உண்மை. ஆனால் நிலம் தன் கைக்கு வருமுன்பே அரசு வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றியது தவறு என்பதை அந்த நீதிமன்றமும் மறுக்கவில்லை. காட்டை அறிந்தவரும் பட்டாவை அறிந்தவரும் சேர்ந்து நின்றதால் கிடைத்த பயன் அது.

குப்பனூர் உழவன்:

வழக்கில் சேர்ந்து நிற்பது எளிது, அம்மா. வாழ்க்கையில் சேர்ந்து நிற்பதைப் பற்றித்தான் கேட்கிறேன். 2025-இல் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள காட்டுப்பன்றிகளை மட்டுமே வனத்துறையினர் சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. பன்றி முதலில் இறங்குவதே காப்புக்காட்டை ஒட்டிய எங்கள் வயல்களில்தான். சேதம் அதிகமாகும் இடத்துக்கே தீர்வு கிடையாது என்ற இந்த விதியைப் பற்றி எந்தச் சூழலியலாளர் எங்களுக்காக எழுதினார்?

ஏத்தாப்பூர் கிழங்குக்காடு:

இருவருக்கும் நடுவே ஒரு செய்தியை வைக்கிறேன். 2020-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி எங்கள் பகுதியில் கிழங்கையே இல்லாமல் செய்துவிடும் என்று அஞ்சினோம். மருந்தடித்துப் பார்த்தோம், கடன்தான் ஏறியது. 2022-இல், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கிய அந்த மாவுப்பூச்சியைக் கொல்லும் அனாகைரஸ் லோபெசி என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவியை ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பூச்சிக்குப் பூச்சியே எதிரி என்பதை என் சொந்தக் கிழங்குக்காட்டில் பார்த்த பிறகு, சூழல் என்ற சொல் எனக்கு வெளியூர்ச் சொல்லாகத் தோன்றுவதில்லை.

குப்பனூர் உழவன்:

அதைச் செய்தவர்கள் வேளாண் விஞ்ஞானிகள். சூழலியலாளர் கணக்கில் அதை எழுத வேண்டாம். மின்சாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிலத்தடி நீர் வற்றுவதற்கு இலவச மின்சாரமே காரணம், பம்புசெட்டுக்கு மீட்டர் பொருத்துங்கள் என்று எழுதுகிறவர்களும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். 1970-களில் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். எங்களுக்கு மீட்டர் என்பது வெறும் கருவியன்று.

சேர்வராயன் சோலை:

மீட்டரை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டும் காற்று மட்டுமே வருகிற தோட்டத்துக்கு இலவச மின்சாரம் எதைக் கொடுக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். மலையில் சோலை குறைந்தால் ஊற்று வற்றும். ஊற்று வற்றினால் அடிவாரத்துக் கிணறு வற்றும். என் அக்கறை மலையோடு நின்றுவிடுவதில்லை, உங்கள் கிணறு வரை இறங்கி வருகிறது. பன்றி விதியைப் பற்றி நாங்கள் வாய் திறக்காதது பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், அடிவார ஊர்களின் பயிர்ச் சேதத்துக்கு உரிய காலத்தில் இழப்பீடு வேண்டும் என்ற மனுவில் எங்கள் குழுவும் கையெழுத்திடும். பதிலுக்கு ஒன்று கேட்கிறேன்: ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் ஓடையில் கலப்பதை எதிர்த்து நாங்கள் கொடுக்கும் மனுவில் நீங்கள் கையெழுத்திடுவீர்களா?

ஏத்தாப்பூர் கிழங்குக்காடு:

அது கடினமான கேள்வி. எங்கள் கிழங்கை வாங்கி, அதிலுள்ள மாவுச்சத்தின் அளவான பாயிண்ட் பார்த்து விலை போடுகிறவர்கள் அந்த ஆலைக்காரர்கள்தான். ஆலையை மூடச் சொன்னால் நான் கையெழுத்திட மாட்டேன். சுத்திகரித்த பிறகே நீரை வெளியே விட வேண்டும் என்று மட்டும் எழுதினால் இடுகிறேன். என் கிணற்றிலும் அந்த நாற்றம் ஏறியிருக்கிறது.

குப்பனூர் உழவன்:

பன்றி மனுவில் உங்கள் கையெழுத்தை முதலில் பார்க்கிறேன், அம்மா. ஓடை மனுவை எழுதி எடுத்து வாருங்கள், படித்துப் பார்க்கிறேன். மீட்டர் என்ற சொல் அதில் எங்கேனும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.