வகுப்பறை வெளிச்சமும் பிள்ளைகளின் படிப்பும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வரவிருக்கிறது. ஜன்னல்களைப் பெரிதாக வைத்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா?

பதில் 1: கலிபோர்னியாவின் கேபிஸ்ட்ரானோ பள்ளிகளைப் பற்றி 1999இல் வெளியான ஆய்வில், பகல் வெளிச்சம் மிகுந்த வகுப்பறைகளில் இருந்த மாணவர்கள், அது மிகக் குறைந்த அறைகளில் இருந்தவர்களைவிட ஓராண்டில் கணிதத்தில் 20 விழுக்காடும் வாசிப்பில் 26 விழுக்காடும் வேகமாக முன்னேறியிருந்தார்கள்.

பதில் 2: அந்த ஆய்வை நடத்திய குழுவே பின்னர் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரப் பள்ளிகளில் ஆராய்ந்தபோது அத்தனை தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை, கண்கூச்சம் படிப்பைக் கெடுக்கிறது என்பதே அங்கு தெரிந்தது. என் வகுப்பிலும் காலை வெயில் கரும்பலகையில் விழுந்து பளபளக்கும்போது, ஓரத்துப் பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத்தான் எழுதுகிறார்கள்.

பதில் 3: வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல் வைத்து, தெற்கே சன்ஷேடு போடச் சொல்லுங்கள். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் நோட்டில் விழாது (இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் மன்னிக்கவும்).