புதுப்பிப்பு: எழுத்துத் திரையில் பேக்கமன் பழகுதல்

பழைய மடிக்கணினியில், படங்கள் எதுவுமின்றி எழுத்துகளால் மட்டும் இயங்கும் க்னூ பேக்கமன் நிரலைக் கொண்டு, இரண்டு பகடைகளை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கமன் என்ற பலகை ஆட்டத்தை ஒருவர் தனியாகப் பழகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பழகலாம் என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன். நிறுவிய பின் இணைய இணைப்பே தேவையில்லை என்பது பரந்தனில் இருக்கும் எனக்குப் பெரிய வசதி.

திரையில் பலகையின் 24 புள்ளிகளும் (காய்கள் நிற்கும் இடங்கள்) வரிசையாக நிற்க, ஆளுக்கு 15 காய்கள் எக்ஸ், ஓ என்ற எழுத்துகளாகத் தெரிகின்றன. ஒவ்வொரு நகர்வையும் எண்களாகத் தட்டச்சுச் செய்ய வேண்டியிருப்பதால் புள்ளிகளின் இலக்கங்கள் விரைவில் மனதில் பதிந்துவிடுகின்றன.

மிகவும் பயன்பட்டது, நல்ல நகர்வுகளைப் பரிந்துரைக்கும் ‘ஹின்ட்’ கட்டளைதான். தொடக்க வீச்சு 3-1 ஆக விழுந்தபோது அது 8/5, 6/5 என்பதை, அதாவது எட்டாம் புள்ளியிலிருந்து ஒரு காயையும் ஆறாம் புள்ளியிலிருந்து ஒரு காயையும் ஐந்தாம் புள்ளிக்கு நகர்த்துவதை, முதலிடத்தில் காட்டியது. இரண்டு காய்கள் ஐந்தாம் புள்ளியில் சேர்ந்தால் எதிராளி அங்கே இறங்கவே முடியாது. தாயம் விளையாடி வளர்ந்த நமக்கு வெட்டு புதிதல்ல என்றாலும், இங்கே தூரத்தைக் கணக்கிட வேண்டும்: இடையில் தடை இல்லையென்றால், ஆறு புள்ளி தள்ளி நிற்கும் தனிக்காயை 36 வீச்சுகளில் 17 வெட்டும், அடுத்த புள்ளியில் நிற்பதை 11 மட்டுமே வெட்டும்.

இரட்டிப்புக் கட்டை (ஆட்டத்தின் பந்தயத்தை இரட்டிப்பாக்கக் கேட்கும் கட்டை) பற்றிக் கேட்ட தம்பிக்கு: எதிராளி இரட்டிப்பாக்கக் கேட்டால், வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 25 சதவீதமாவது இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்குக் குறைந்தால் அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுங்கள்.