மறு: ‘தெளிவுத்திறன்’ பற்றி

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

கண்முன் திரையுடன் தலையில் மாட்டும் மெய்நிகர் (வி.ஆர்.) தலையணிகளுக்கான நம் சொற்பட்டியலில் ‘ரெசொலூஷன்’ என்பதற்குத் ‘தெளிவுத்திறன்’ என்று ஐயா இட்டிருக்கிறார். தமிழகத்தில் அது பரவலான சொல்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. பெட்டியில் அச்சிடுவது திரையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. தெளிவோ திரை, வில்லை (லென்ஸ்), கண் மூன்றையும் தாண்டி வரவேண்டியது.

2016இல் வந்த இரண்டு தலையணிகளைப் பாருங்கள். ஒக்குலஸ் ரிஃப்டில் ஒரு கண்ணுக்கு 1080 × 1200 புள்ளிகள். பிளேஸ்டேஷன் வி.ஆர். தலையணியில் 960 × 1080 மட்டுமே. ஆனால் ஒரு புள்ளி சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளிக்கூறுகளால் ஆனது. ரிஃப்டில் பச்சைதான் எல்லாப் புள்ளிக்கும் உண்டு; சிவப்பும் நீலமும் பாதிக்குப் பாதி. மற்றதில் மூன்று நிறமும் முழுமையாக இருக்கின்றன. ஒரு கண்ணுக்கான ஒளிக்கூறுகளைக் கணக்கிட்டால் ரிஃப்டில் ஏறத்தாழ 26 இலட்சம், மற்றதில் 31 இலட்சம். இதில் எதற்குத் ‘தெளிவுத்திறன்’ கூட என்று எழுதுவது? எண்ணிக்கைக்குப் ‘பிரிதிறன்’ போதும். முழுமைக்குப் ‘படத்தரம்’ இருக்கட்டும்.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் நண்பர் வீட்டில் ஒரு பழைய தலையணியை மாட்டித் தமிழ்ப் பக்கமொன்றைத் திறந்தேன். முதலில் மறைந்தது மெய்யெழுத்தின் புள்ளி. பிறகு ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு ‘ன’ ஆகிவிட்டன. மணமா மனமா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கவேண்டியதாயிற்று. ஓரத்துக்குப் போனால் வில்லை வேறு கலங்கடித்தது. (ஆங்கில எழுத்துகள் இவ்வளவு பாடுபடவில்லை என்பது என் மனத்தாங்கல்.)

புள்ளிகள் எத்தனை என்பதைவிட அவை எவ்வளவு அகலக் காட்சியில் பரத்தப்படுகின்றன என்பதே இங்கு முக்கியம். நல்ல கண் பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும்; ஆகவே பாகைக்கு 60 புள்ளிகள் தேவை. 2023இல் வந்த குவெஸ்ட் 3 தலையணி எட்டியது சுமார் 25. பாகைக்கு எத்தனை புள்ளி என்ற இந்த அளவுக்குத் தங்கை ஒருவர் முன்மொழிந்த ‘பாகைச்செறிவு’ காதுக்கு இனிமைதான், ஆனால் பாகை அலகு. அலகைப் பெயரில் ஏற்றாமல் ‘கோணச்செறிவு’ என்போம்: ‘கோணச்செறிவு பாகைக்கு 25 புள்ளி’.

கடைசியாக, ‘ஸ்கிரீன் டோர் எஃபெக்ட்’ என்பதற்கான ‘திரைக்கதவு விளைவு’. ஐயா, நம் வீடுகளில் திரை உண்டு, கதவு உண்டு, திரைக்கதவு எங்கே? புள்ளிகளுக்கிடையே தெரியும் கருங்கோடுகள் எனக்கு நுளம்பு வலைக்குள் படுத்து முற்றத்தைப் பார்ப்பதுபோல் இருந்தன. நுளம்பு என்றால் தமிழக நண்பர்கள் கொசு என்று திருத்துவார்கள். வெறும் ‘வலைத்தோற்றம்’ இணையத்தளத்தோடு குழம்பும். குருநகர் மீனவர்கள் வலையின் துளையைக் கண் என்பார்கள். ஆகவே ‘வலைக்கண் தோற்றம்’ என்பது என் முன்மொழிவு. மறுப்பிருந்தால் பட்டியலை மூடுமுன் எழுதுங்கள்.