97 செவ்ரோலே பிக்கப்: ஃப்யூல் பம்ப் சத்தம் கேட்குது, ஆனா சூடானா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது

ஹூஸ்டன்_வண்டி:

வண்டி 1997 செவ்ரோலே சி1500, 5.7 லிட்டர் வோர்டெக் வி8, ஆட்டோமேட்டிக், சின்ன பெட் (பின்னாடி இருக்கிற சரக்குத் தட்டு). காலையில் சாவியை ரெண்டு மூணு தடவை ஆன் பண்ணி எடுத்தா பிடிச்சுக்குது. வெயிலில் ஓடி நின்ன பிறகு செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. அரை மணி ஆறவிட்டா மறுபடி பிடிக்குது. டிரெய்லரோட மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குது, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டா சரியாகிடுது.

பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர் மூணும் புதுசு. செக் இன்ஜின் லைட் இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "டேங்க்ல சத்தம் வருதே, அப்போ பம்ப் நல்லாத்தான் இருக்கு, உள்ளே இருக்கிற ஸ்பைடர் இன்ஜெக்டரை (சிலிண்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிச்சுத் தர்ற பாகம்) மாத்தணும்"னு சொல்றாங்க. அவ்வளவு செலவு பண்றதுக்கு முன்னாடி வீட்டிலேயே எதைப் பார்க்கலாம்? பம்ப்தான்னா பெட்டைத் தூக்கணுமா, டேங்க்கை இறக்கணுமா? டேங்க்கில் பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கு.

ரெஞ்சு_பதினேழு:

சத்தத்தை வச்சு பம்ப்புக்கு நற்சான்று கொடுக்கிறதுதான் இந்த இன்ஜினில் எல்லாரும் சறுக்குற இடம். மோட்டார் சுத்துதுங்கிறது மட்டும்தான் சத்தத்தில் தெரியும், பிரஷர் தெரியாது. 95 வரைக்கும் வந்த த்ராட்டில் பாடி மாடலுக்கு (காத்து நுழையுற வாயிலேயே பெட்ரோல் தெளிக்கிறது) 9–13 பி.எஸ்.ஐ. பிரஷர் போதும், தேய்ஞ்ச பம்ப்பும் ஒப்பேத்திடும். 96-ல் வந்த வோர்டெக்குக்கு சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் 60–66 வேணும். ஸ்பைடரோட முனையில் இருக்கிற பாப்பெட் வால்வுகள் பிரஷரில்தான் திறக்கும். 50-ஐ ஒட்டி இறங்கினாலே ஸ்டார்ட்டிங் தகராறு ஆரம்பிச்சிடும். சூடான பம்ப்பில் பிரஷர் இன்னும் கொஞ்சம் இறங்கும். நீங்க சொல்ற அறிகுறி அப்படியே இதுக்குப் பொருந்துது.

முதலில் பிரஷர் கேஜ் மாட்டுங்க. டெஸ்ட் போர்ட் இன்ஜினுக்குப் பின்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஃப்யூல் பைப்பிலேயே இருக்கு. டயர் வால்வு மாதிரி மூடி போட்டிருக்கும். 100 பி.எஸ்.ஐ. வரை காட்டுற கேஜ் வேணும். உதிரிபாகக் கடைகளில் டெபாசிட் கட்டி இரவலா வாங்கலாம்.

சாவி ஆன் பண்ணா பம்ப் 2 விநாடிதான் ஓடும், ரீடிங் எடுக்க அது பத்தாது. ஃப்யூல் பம்ப் ரிலேயை (பம்ப்புக்குக் கரண்ட் விடுற ஸ்விட்ச்) கழட்டிட்டு, சாக்கெட்டில் 30-க்கும் 87-க்கும் நடுவில் 20 ஆம்ப் ஃபியூஸ் வச்ச ஜம்பர் ஒயர் போடுங்க, பம்ப் தொடர்ந்து ஓடும். எண் ரிலேயோட அடியில் எழுதியிருக்கும். சாக்கெட்டை நேராப் பார்க்கும்போது அது இடவலமா மாறித் தெரியும், கவனம்.

பார்க்க வேண்டியது:

– பம்ப் ஓடும்போது எவ்வளவு.
– நிறுத்தின பிறகு 10 நிமிஷத்தில் 5 பி.எஸ்.ஐ.-க்கு மேல இறங்குதா.
– இன்ஜின் ஐடிலில் ஓடும்போது 3–10 குறையணும், த்ராட்டிலைச் சட்டுனு திறந்தா திரும்ப ஏறணும். ஏறாம விழுந்தா பம்ப், ஸ்ட்ரெய்னர் (பம்ப் வாயில் இருக்கிற வலை), ஃபில்டர் மூணில் ஒண்ணு.

ஃபில்டர் டிரைவர் பக்கம் சேசிஸ் ரெயிலில் இருக்கு. எப்போ மாத்தினதுன்னு தெரியலைன்னா முதலில் அதை மாத்திட்டு அளங்க. கழட்டின ஃபில்டரை உள்வரும் பக்கமா வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்க. கறுப்புப் பொடி வந்தா பம்ப் உள்ளே அரைபடுதுன்னு அர்த்தம்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிச்சுப் பார்க்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: இன்ஜின் மேல இருக்கிற பிளீனம் (காத்து போற அறை) பிளாஸ்டிக். அளவுக்கு மேல அடிச்சு பேக்ஃபயர் ஆச்சுன்னா அது வெடிச்சிடும். ஒரு விநாடி போதும்.

ஹூஸ்டன்_வண்டி:

நன்றி அண்ணா. ஃபில்டர் மாத்திட்டுத்தான் அளந்தேன். பழைய ஃபில்டரில் கறுப்பா நிறையவே வந்தது. ஜம்பர் போட்டு பம்ப் ஓடும்போது 46. நிறுத்தினதும் நிமிஷத்துக்குள்ளே 20-க்குக் கீழ போயிடுது. இப்போ பம்ப்தான்னு முடிவு பண்ணிடலாமா?

வோல்ட்மீட்டர்:

இன்னும் இல்லை. 46 காட்ட நாலு காரணம் இருக்கு: பம்ப் தேய்மானம், பம்ப்புக்குக் கரண்ட் சரியாப் போகாதது, டேங்க்குக்குள்ளே பம்ப்பையும் பைப்பையும் சேர்க்கிற சின்ன ஹோஸ் பிளந்தது, ரெகுலேட்டர் (பிரஷரைக் கட்டுப்படுத்துற பாகம்) பெட்ரோலை ரிட்டர்ன் லைனில் டேங்க்குக்கே திருப்பி விடுறது.

கரண்ட்: டேங்க்குக்கு வர்ற கனெக்டரில் சாம்பல் நிற ஒயர் பம்ப் ப்ளஸ், கறுப்பு எர்த், ஊதா ஃப்யூல் கேஜுக்கு. கனெக்டரைக் கழட்டாம, பம்ப் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, பின்பக்கமா மீட்டர் ஊசியைச் சொருகி அளங்க. கழட்டி அளந்தா அழுகின ஒயர்கூட 12 வோல்ட் காட்டும், லோடு விழும்போதுதான் அதோட யோக்கியதை தெரியும். சாம்பலுக்கும் கறுப்புக்கும் நடுவில் வர்றது பேட்டரி வோல்ட்டேஜை விட அரை வோல்ட்டுக்கு மேல குறையக் கூடாது. குறைஞ்சா கறுப்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் தனியா அளங்க. அங்கே 0.2-க்கு மேல வந்தா சேசிஸில் எர்த் போல்ட் துருப்பிடிச்சிருக்கு. சுரண்டித் தேய்ச்சு மாட்டினா காசில்லாம வேலை முடிஞ்சிடும்.

ரெகுலேட்டர்: இந்த இன்ஜினில் அது பிளீனத்துக்கு உள்ளேயே ஸ்பைடரோட சேர்ந்து உட்கார்ந்திருக்கு. வெளியே வாக்குவம் ஹோஸ் கிடையாது, அதனால் ஹோஸைப் பிடுங்கிப் பெட்ரோல் ஈரம் பார்க்கிற பழைய வித்தை இங்கே பலிக்காது. ரிட்டர்ன் லைனில் ரப்பர் பாகம் இருக்கிற இடத்தில் ஹோஸ் கிளாம்ப் வச்சுக் கண நேரம் அழுத்துங்க. நைலான் பைப்பைக் கிள்ளினா நசுங்கி உடைஞ்சிடும், ரப்பரை மட்டும். பிரஷர் சட்டுனு எகிறினா பம்ப்புக்கு வலு இருக்கு, ரெகுலேட்டர்தான் ஒழுகுது. அசையாம அங்கேயே நின்னா கோளாறு டேங்க் பக்கம்.

நிறுத்தினதும் இறங்குறதுக்கும் இதே மாதிரி ஒரு சோதனை. பம்ப் ஓடும்போதே சப்ளை லைனையும் அடைச்சிட்டு நிறுத்துங்க. பிரஷர் நின்னா பம்ப்பில் இருக்கிற செக் வால்வு (பெட்ரோல் பின்னாடி திரும்பாம தடுக்கிறது) போச்சு. அப்பவும் இறங்கினா ஸ்பைடர் ஒழுகுது. ஸ்பைடர் ஒழுகுற வண்டியில் த்ராட்டிலைத் திறந்து டார்ச் அடிச்சா பிளீனத்தின் உட்புறம் ஒரு இடம் மட்டும் கழுவி விட்ட மாதிரி பளிச்சுனு இருக்கும், டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடையும் வரும்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்ச பிறகே பிடிச்சு, அப்புறம் குறையே இல்லாம ஓடுற வண்டின்னா ரிலேயைச் சந்தேகப்படுங்க. ரிலே செத்தாலும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியா பம்ப்புக்கு இன்னொரு சப்ளை உண்டு, ஆயில் பிரஷர் ஏறினதும் அது வேலை செய்யும்.

ஹூஸ்டன்_வண்டி:

பேட்டரி 12.5, பம்ப் கனெக்டரில் 12.2. எர்த் பக்கம் 0.06. ரிட்டர்னை அழுத்தினா 47, அதுக்கு மேல போகலை. சப்ளையை அடைச்சா பிரஷர் அப்படியே நிக்குது.

வோல்ட்மீட்டர்:

அப்போ டேங்க்கைத் திறந்துதான் ஆகணும். ஸ்பைடருக்கு ஒரு டாலர்கூட செலவு பண்ணாதீங்க.

ரெஞ்சு_பதினேழு:

மாத்துற வேலைக்கு வருவோம். சின்ன பெட் வண்டியில் டேங்க் 25 கேலன். பாதி நிறைஞ்சிருந்தாலே பெட்ரோல் மட்டும் 35 கிலோ, அதுவும் குலுங்குற எடை. அதனால் பெட்டைச் சாய்க்கிறதுதான் என் கட்சி. டேங்க், பெட்ரோல் ஊத்துற வாய் ரெண்டுமே டிரைவர் பக்கம்தான். அந்தப் பக்கப் போல்ட்டுகளை முழுசாக் கழட்டி, எதிர்ப்பக்கத்தைத் தளர்த்தி மட்டும் விடுங்க. ஃபில்லர் வாயைப் பெட்டோட பிணைக்கிற ஸ்க்ரூ, பின் லைட் ஒயரிங், பெட் எர்த் ஒயர் மூணையும் மறக்காம விடுவிங்க. ரெண்டு பேர் தூக்க, மூணாவது ஆள் கனமான கட்டையை முட்டுக் கொடுக்கணும். ஜாக்கியை முட்டா வைக்காதீங்க. துருப்பிடிச்ச போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு வச்சிடுங்க.

தொடங்குறதுக்கு முன்னாடி: டெஸ்ட் போர்ட்டில் பிரஷரை இறக்குங்க, பேட்டரி மைனஸைக் கழட்டுங்க, குண்டு பல்பு கை விளக்கு கிட்டவே வரக் கூடாது, பெட்ரோல் தீக்கு ஏத்த தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்தில் இருக்கட்டும். மூடின கராஜில் செய்யாதீங்க, வாட்டர் ஹீட்டர் பைலட் தீ போதும்.

டேங்க் மேல இருக்கிற மாட்யூலை (பம்ப்பும் மிதவையும் சேர்ந்த தொகுப்பு) சுத்திப் படிஞ்ச மண்ணைக் காத்தடிச்சுத் துடைச்ச பிறகே திறக்கணும், இல்லைன்னா அவ்வளவும் டேங்க்குக்குள்ளே போகும். லாக் ரிங்கைப் பித்தளைக் கம்பி வச்சு இடஞ்சுழியாத் தட்டுங்க; இரும்பு உளி வச்சா தீப்பொறி வரும். மாட்யூலை எடுக்கும்போது மிதவைக் கம்பி வளையாம சாய்ச்சு எடுங்க, வளைஞ்சா ஃப்யூல் கேஜ் பொய் சொல்லும். கறுப்புப் பொடி வந்திருக்குன்னு சொன்னீங்க, டேங்க் அடியைச் சுத்தமாத் துடைக்காம புது பம்ப்பை இறக்காதீங்க.

முழு மாட்யூல் வாங்குறது நல்லது. ஃப்யூல் கேஜுக்கு அளவு சொல்ற மிதவைப் பாகமும் (சென்டர்) அதோடயே வந்திடும். 95 மாடல் பம்ப் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பிரஷர் வராது. ஆண்டையும் இன்ஜினையும் சொல்லி வாங்குங்க. மோட்டாரை மட்டும் மாத்துறதா இருந்தா ஸ்ட்ரெய்னர் புதுசு போடுங்க. உள்ளே வர்ற ஹோஸில் எஸ்.ஏ.இ. 30ஆர்10 முத்திரை இருக்கணும். 30ஆர்9 வெளி உபயோகத்துக்கு, பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தா ஊறிப் பிளந்திடும், திரும்ப இதே 46-தான்.

பழைய கனெக்டர் பின் கறுத்திருந்தா புது மாட்யூலோட வர்ற ஒயர் துண்டைச் சேர்த்து சால்டர் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. வெறும் டேப் சுத்திட்டு விடாதீங்க, அந்த இடத்தில் தண்ணி தெறிக்கும்.

சேசிஸ்_சாமி:

ரெஞ்சு அண்ணன் சொன்னதில் ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். தனி ஆளா இருந்தா பெட்டைத் தொடாதீங்க. கை பம்ப்பால் பெட்ரோலை மூடியிருக்கிற கேனுக்கு மாத்திட்டு, டேங்க்குக்கு அடியில் பலகை வச்ச ஜாக்கி கொடுத்து, ரெண்டு ஸ்ட்ராப்பையும் அவிழ்த்து இறக்கலாம். ஒரு சாணுக்கு இறங்கினதும் நிறுத்தி லைனையும் ஒயரையும் கழட்டணும், முழுசா விட்டா இழுத்துப் பிச்சுக்கும்.

எந்த வழியில் செஞ்சாலும் புது ஓ-ரிங்கை லேசா பெட்ரோலில் நனைச்சு உட்கார வைங்க, முறுக்கிக்கிட்டா டேங்க் நிரப்புற அன்னைக்குத்தான் மேல கசியும். பெட்டைப் பூட்டுறதுக்கு முன்னாடி பேட்டரியை மாட்டி, சாவியை 2 விநாடி ஆன், 10 விநாடி ஆஃப்னு மூணு தடவை செய்ங்க. கேஜ் 60-ஐத் தாண்டணும், நிறுத்தின பிறகு நிக்கணும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் உலர்ந்த பேப்பர் துண்டை வச்சுப் பாருங்க, அது நனையலைன்னா பெட்டை இறக்கலாம்.

இனிமே கால் டேங்க்குக்குக் கீழ ஓட்டுற வழக்கம் இருந்தா விட்டுடுங்க. அந்த பம்ப்பைக் குளிர வைக்கிறதே சுத்தியிருக்கிற பெட்ரோல்தான், ஹூஸ்டன் வெயிலுக்குக் கேக்கவே வேணாம்.